சொட்டுநீர் மானியமும் ஒரு தாம்பாளத் தட்டும்

என் பாசமுள்ள அண்ணே,

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. ஆனாலும் வீட்டு விசேஷத்தை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடிகிறதா? அதனால் எழுதுகிறேன். உன் பெண்டாட்டி என்னைப் படுத்திய பாட்டைக் கேள்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினியும் உன் மகன் பிரபுவும் கீரமங்கலத்திலிருந்து இலுப்பூரில் என் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள், சொல்லாமல் கொள்ளாமல். பிரபு கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், நம் தோட்டத்து மல்லிகை. சிங்கப்பூரிலிருந்து திரும்பி விவசாயம் பார்க்கும் பிள்ளை அன்றைக்கு வேட்டி வேறு கட்டியிருந்தான்.

பெண் கேட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். முறைப்பையன்தான், தங்கமான பிள்ளைதான். ஆனால் என் மகள் காயத்ரி கல்யாணம் என்றாலே போனை வைத்துவிடுகிறாள். முடியாது என்று சொல்லிவிட்டு, நீயும் இல்லாத அந்த வீட்டு வாசலை நான் எப்படி மிதிப்பேன்? காப்பி போடுகிற சாக்கில் அடுப்படியிலேயே நின்றேன்.

கடைசியில் நானே முந்திக்கொண்டேன். "மதினி, காயத்ரி இப்பக் கல்யாணம் வேணாங்கிறா..."

மதினி திருதிருவென்று விழித்தார். பிரபு முகம் சிவந்துவிட்டது.

"அத்தே, நாங்க மானியத்துக்கு வந்தோம்" என்றான்.

கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டதாம். வாய்க்கால் பாய்ச்சலில் மல்லிகை கோடையைத் தாண்டாதாம். சொட்டுநீர்க் குழாய் போட சிறு விவசாயிக்கு அரசு முழு மானியம் தருகிறது. ஆனால் நிலம் கூட்டுப் பட்டா. அப்பா இறந்தபோது ஊரே சிரித்தும் கேட்காமல் நீ என் பெயரையும் சேர்த்தாய் இல்லையா? அதனால் என் சம்மதக் கையெழுத்து வேண்டும்.

"இதுக்கு எதுக்கு மதினி தட்டு?"

"சொத்து விசயமாவுல்ல வாரோம். வெறுங்கையோட வந்து நீ தப்பா நெனச்சுட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. கையெழுத்தை உடனே போட்டேன்.

குழாய் போட்டு முடித்ததும் என்னை வரச் சொன்னார்கள். செடிக்குச் செடி கருப்புக் குழாய் ஓடுகிறது. நீ இருந்தால் வரப்பில் குந்தி, "இது தண்ணியா, வேர்வையா?" என்று கேட்டிருப்பாய். ஆனால் சித்திரை வெயிலிலும் செடி நிறைய மொட்டு. பார்க்கப் பார்க்க வயிறு குளிர்ந்தது.

அந்த நிறைவில்தான் சொன்னேன். "மதினி, எம் பங்கையும் எழுதித் தந்துர்றேன். ஒவ்வொரு மானியத்துக்கும் நீங்க இங்கிட்டும் அங்கிட்டும் அலைய வேணாம்."

"ஊர்ல அதத்தான் வாங்கச் சொன்னாக. நான் வேணான்னுட்டேன்" என்றார் மதினி, பூவிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒம் பேரு கெடக்கட்டும் செல்வி. ஒங்கண்ணனும் இல்ல, பட்டாவுல பேரும் இல்லேன்னா, நீ எதுக்கு என்னையப் பாக்க வரப்போற?"

அழுதுவிட்டேன் அண்ணே. பிறந்த வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். நான் போய்விடுவேனோ என்று அவர் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கையெழுத்து எதுவும் தேவைப்படாத மாதத்திலும் நான் மதினியைப் பார்க்கப் போவேன்.

உன் கூடப் பிறந்தவள், மதினிக்கு இன்னும் நாத்தனார்,
செல்வி