எடுத்துக்கொள்ளாத உயிர்

என்னங்க,

சாப்பாட்டு டப்பாவுக்கு மேல் கடிதம் இருக்கிறதே என்று பதற வேண்டாம். நேற்று பரணிலிருந்து நம் பழைய கேசட் வீடியோ கேமை இறக்கினேன். அந்தத் துப்பாக்கி விளையாட்டு இன்னும் ஓடுகிறது.

இப்போது போன் விளையாட்டில் உயிர் தீர்ந்தால் விளம்பரம் பார்க்கச் சொல்கிறார்கள். நம் பழைய ஆட்டத்தில் உயிர் தீர்ந்தால், பக்கத்தில் ஆடுகிறவரிடமிருந்தே ஓர் உயிரை எடுத்துக்கொள்ளலாம்; ஒரு பட்டனை அழுத்தினால் போதும். யார் யோசித்தாரோ, நல்ல மனசுக்காரர். நான் கேட்காமலே எடுப்பேன். நீங்கள் ஒருமுறைகூட எடுத்ததில்லை. "நீ ஆடு, நான் பார்த்துக்கினு இருக்கறேன்" என்று கையைக் கட்டிக்கொள்வீர்கள். எனக்கு ஆத்திரமாக வரும்.

உங்கள் சட்டையில் ஷூ கம்பெனிப் பசை வாசனை வந்து நாளாகிறது. துவைக்கும்போதெல்லாம் மோந்து பார்க்கிறேன், வெறும் வியர்வை வாசனைதான். ஆனாலும் தினமும் டப்பாவோடு ஆம்பூர் ரயில் ஏறுகிறீர்கள். எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

திங்கள்கிழமை முதல் ஒரு ஷூ கம்பெனியில் என்னைத் தைக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுங்கள். டிவியில் ஒயரைச் செருகி வைக்கிறேன். இந்த முறை நீங்கள் அந்தப் பட்டனை அழுத்தாவிட்டால், நானும் ஆடமாட்டேன்.

உங்கள் பக்கத்திலேயே ஆடுகிறவள்