சிகிச்சைக்கு முன்

மார்ச் 4

பத்து நிமிடம் முந்திப் பிறந்த என் அக்காவுக்கு,

நலமா? நேற்றும் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வந்த ஒரு பெரியவர், "என்னம்மா, தூக்கமா?" என்று கேட்டார். அப்பா கொடுத்த கண்கள் நம் இருவரையும் படுத்துகிற பாடு! மேலிமைத் தோல் இமைமயிர்மேலேயே விழுகிறது. புருவ எலும்போ கூரை மாதிரி துருத்திக்கொண்டிருக்கிறது. மருந்துச் சீட்டு படிக்க நெற்றியைத் தூக்கித் தூக்கித் தலைவலியே வந்துவிட்டது.

நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி டாக்டரிடம் இதோடு வைத்திருக்கும் என் படத்தைக் காட்டி, சரிசெய்ய முடியுமா என்று கேள். பவுடர்கூடப் போடாமல் எடுத்தது. வேறு யார் கண்ணிலும் பட்டால் உன்னைச் சும்மா விடமாட்டேன்.

உன் குட்டி

மார்ச் 29

செல்லக் குட்டிக்கு,

டாக்டரிடம் காட்டினேன். தொங்கும் தோலை வெட்டித் தைக்கலாம், புருவத்தை மேலே ஏற்றலாம், எலும்பைச் செதுக்கலாம் என்றார். ஆனால் உனக்கு எதுவுமே சரிவராதாம். கண்ணை மூட முடியாமல் போகலாமாம். நமக்கு எதற்கடி இந்த வம்பு? இதே மூஞ்சியோடு இருந்துவிட்டுப் போவோம், இரண்டு பேருமே.

போனில் கேமரா கெட்டுவிட்டது. முகம் பார்த்துப் பேச முடியவில்லை என்று கோபிக்காதே.

உன் அக்கா

ஏப்ரல் 10

அக்கா,

'இரண்டு பேருமே' என்று எழுதியிருந்தாயே, படித்துவிட்டு அழுதேன். சரி, ஆசையை விட்டுவிட்டேன். சீக்கிரம் கேமராவைச் சரி பண்ணு. உன்னைப் பார்க்காமல் என்னவோ போல இருக்கிறது.

உன் குட்டி

ஜூன் 17

அக்கா,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன.

போன வாரம் உங்கள் ஆஸ்பத்திரி விளம்பரத் தாள்கள் ஒரு கட்டு கடைக்கு வந்தன. நானேதான் பிரித்து மேஜைமேல் அடுக்கினேன். 'சிகிச்சைக்கு முன்' என்று என் படம். பவுடர்கூட இல்லாத அதே படம். 'சிகிச்சைக்குப் பின்' என்று பக்கத்தில் நீ.

டாக்டருக்குப் போன் போட்டேன். ஊழியர் என்று உனக்கு இலவசமாகச் செய்தாராம், விளம்பரத்துக்குப் படம் மட்டும் கேட்டாராம். "பழைய படமும் அவங்க கொடுத்ததுதானே?" என்றார். உனக்கு ஒரு தங்கை இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

நீ செய்துகொண்டதில் எனக்கு வருத்தமில்லை. சொல்லியிருந்தால் லீவு போட்டு வந்து உன் கண்ணுக்கு மருந்து போட்டிருப்பேன். உன் பழைய மூஞ்சியை ஊர் பார்த்தால் உனக்கு வெட்கம், என்னுடையதைப் பார்த்தால் பரவாயில்லை. அப்படித்தானே? பாவி, என்னைப் பயமுறுத்தி வேறு வைத்தாய்.

இன்று அந்தப் பெரியவர் வந்தார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது நீதானேம்மா?"

"ஆமாங்க."

"பக்கத்துல இருக்கறது யாரு?"

"தெரியாதுங்க" என்று சொல்லி, அவர் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.