குழந்தைக்கு நான் என்ன வேணும்

25 பிப்ரவரி 2025, செவ்வாய்
ஜெனியின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அவள் அம்மாவுக்கு, அதாவது என் தங்கை சிநேகாவுக்கு, நாவலூர் கம்பெனியில் லீவு இல்லை. வழக்கம்போல நான்தான் போனேன். கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘உறவு’ என்று ஒரு கட்டம். பெரியம்மா என்று எழுதினேன். ஊசி, காய்ச்சல், ஆண்டுவிழா - எட்டு வருஷமாக எந்தக் கவுன்ட்டரிலும் எனக்கு இந்த ஒரே பதில்தான். கர்ப்பப்பையை எடுத்த பிறகு அதை எழுதும்போது பேனா கொஞ்சம் அழுந்துகிறது.

7 மார்ச், வெள்ளி
செங்கல்பட்டு கோர்ட். எங்கள் கருவை சிநேகா சுமக்கப் போகிறாள். கருவை வைப்பதற்கு முன்பே, பிள்ளை எனக்கும் என் வீட்டுக்காரர் சாலமோனுக்கும்தான் என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போட வேண்டுமாம். சுமந்த பிறகு கொடுக்க மனசு வருமா என்று அவளிடம் கேட்டார்.
“எங்க வூட்ல ஏற்கெனவே ஒண்ணு கீதுங்க. அதையே எங்கக்காதான் வளத்துகினு கீறா.”
மாஜிஸ்திரேட் குனிந்துகொண்டு சிரித்தார். உத்தரவு கிடைத்தது. “லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க” என்றார் வக்கீல் துர்காதேவி. பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

17 ஆகஸ்ட்
சிநேகாவுக்கு வாந்தி நின்றுவிட்டது. இப்போது சுறாப்புட்டு வேண்டுமாம், அதுவும் என் கையால். மகாராணி.

9 ஜனவரி 2026, வெள்ளி
பெண் குழந்தை! சாலமோன் தேம்பித் தேம்பி அழுதார். நான் அழவில்லை, அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தேன்.
பிறப்புப் பதிவுக்காக ஒரு பெண் தாளோடு வந்தாள். வேலைக்குப் புதிது. “குழந்தைக்கு நீங்க என்ன வேணும்?”
“பெரியம்மா” என்றேன்.
நானே. என் வாயாலேயே. அவள் ஃபைலைப் பார்த்து, தாய் சிநேகா, தந்தை அவள் புருஷன் ஜான்சன் என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு உறைத்து ஓடுவதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது.

10 ஜனவரி
அந்தத் தாள் அப்படியே நின்றுவிட்டால்? என் பிள்ளையை நானே தத்தெடுக்கணுமா? சாலமோன் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் பேஜாரா கீது.
சிநேகா தையல் வலியோடு சிரிக்கிறாள். “பத்து மாசம் நா சுமந்துகினு இருந்தேன். ஒரு நிமிசம் ஒன்னால அம்மான்னு சொல்ல முடிலயாக்கா?”
கோர்ட் உத்தரவு இருக்கிறது, பயப்படாதீர்கள் என்கிறார் துர்காதேவி. ஆனால் பொங்கல் முடிந்துதான் திருத்த முடியும். பயப்படாமல் எப்படி இருப்பது?

19 ஜனவரி, திங்கள்
பைபிளிலிருந்து உத்தரவை எடுத்துக்கொண்டு போனோம். பதிவாளர் இரண்டு முறை படித்தார். “நீங்களே பெரியம்மான்னு சொன்னீங்களா?” என்று கேட்டார். தலையாட்டினேன். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்.

12 பிப்ரவரி
சான்றிதழ் வந்தது. தாயின் பெயர்: மேரி. என் பெயர். ஆறு தடவை படித்துவிட்டேன்.

25 பிப்ரவரி, புதன்
நாற்பத்தைந்தாம் நாள் ஊசி. சிநேகாவும் கூட வந்தாள். என் கையில் ஃபைல் இருந்ததால் பிள்ளை அவளிடம். மாமல்லபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து அம்மா, அம்மா என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.
நர்ஸ் என்னைப் பார்க்கவே இல்லை. அவளிடம் கேட்டார்: “குழந்தைக்கு நீங்க என்ன வேணும்?”
சிநேகா பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தாள்.
“சித்தி” என்றாள். பிள்ளையை என் மடியில் வைத்தாள். “இவங்கதான் அம்மா.”
சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அவளும் விடவில்லை. மறு கையால்தான் கையெழுத்துப் போட்டேன். உறவு என்ற கட்டத்தில் ‘பெ’ என்று எழுதி, அடித்துவிட்டு, அம்மா என்று எழுதினேன்.