வாய்விட்டு வாசித்த சம்மதப் படிவம்

டீச்சர்,

உங்கள் புத்தகம் இன்னும் கிராம்பு மணக்கிறது. காலையில் அலமாரியைத் திறந்ததும் மூக்கில் ஏறியது. ஓடும் பஸ்ஸில் படித்தால் உங்களுக்குக் குமட்டும். அதற்காக வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு படிப்பீர்கள். படிக்காமலே வரலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை உங்களுக்கு.

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்த ஏழு வருடம் ஒரே பஸ்ஸில் போனோம். கடைசி வருடம் புத்தகக் கண்காட்சியில் இருவரும் சேர்ந்து வாங்கியது இது. பெரிய டெக் கம்பெனிகள் நம் பேச்சையும் முகத்தையும் எப்படிச் சரக்காக்கி விற்கின்றன என்று பக்கம் பக்கமாகச் சொல்வது. போகும்போது உங்கள் முறை, திரும்பும்போது என் முறை. ஓரமெல்லாம் பென்சிலால் சண்டை போட்டு வைத்திருப்பீர்கள். ஓரிடத்தில், சவூதியிலிருந்து இந்தக் கம்பெனிகளின் வீடியோ காலில் மட்டுமே முகம் காட்டும் உங்கள் வீட்டுக்காரரை நினைத்து, ‘அவுக முகத்தைப் பாக்க எனக்கும் இவன் வாசலை விட்டா வழியில்லையே’ என்று எழுதியிருக்கிறீர்கள். வழியில்லை என்பதற்காக நீங்கள் வாயை மூடிக்கொண்டதில்லை.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் புது ஆப் ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தேன். ‘சம்மதம்’ என்ற இடத்தைப் பார்க்காமலே தட்டினேன். போனைப் பிடுங்கிவிட்டீர்கள்.

“என்னன்னு படிச்சீகளா?”

“இதையெல்லாம் யாரு டீச்சர் படிப்பாக?”

“என் நிக்காஹ்ல ரெண்டு சாட்சியோட வந்து சம்மதமான்னு கேட்டாக. நான் வாயைத் தொறக்குற வரைக்கும் மொத்தச் சனமும் காத்துக்கிடந்துச்சு. இந்தக் கம்பெனிக்காரன் என்ன, மாப்பிள்ளையை விடப் பெரிய ஆளா?”

நான் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அன்று எனக்கு அது வெறும் வேடிக்கை.

ஐப்பசியில் வந்த காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. அழுகையை விட எனக்குக் கோபம்தான் அதிகம் வருகிறது. பாதிப் புத்தகத்தில் விட்டுவிட்டுப் போனீர்களே! நீங்கள் அனுப்பிய குரல் பதிவுகள் என் போனில் இருக்கின்றன. உங்கள் குரலைக் கேட்க எனக்கும் இப்போது அந்த வாசல்தான்.

இதை ஏன் எழுதுகிறேன் தெரியுமா? நம் பள்ளியில் இனிமேல் பிள்ளைகளின் முகத்தைக் கேமரா பார்த்து வருகை போடுமாம். பெற்றோரிடம் சம்மதக் கையெழுத்து வாங்குவது வகுப்பாசிரியர் வேலை. நான்கு பக்கம் இங்கிலீஷ். கையெழுத்துக்கு இடம் கடைசிப் பக்கத்தில். தாளாளர் எங்களைக் கூப்பிட்டு, “கையெழுத்த மட்டும் வாங்குங்க. விளக்கிக்கிட்டு நிக்காதீக. வேலை முக்கியமில்லையா?” என்றார்.

முக்கியம்தான். என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. ஆனாலும் சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில், கிராம்பு ஒன்றைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு எழுந்து நின்றேன். “முழுசும் படிக்கப்போறேன், உக்காருங்க” என்றேன். வரி வரியாகத் தமிழில் சொன்னேன். பிள்ளைகளின் முகத்தை வேறு கம்பெனிகளுக்கும் கொடுப்பார்களாம். பள்ளியை விட்ட பிறகும் வைத்திருப்பார்களாம்.

கடைசி வரிசையில் தச்சு வேலை செய்யும் ஒருவர் எழுந்தார். “எம்மக படிச்சு முடிச்சுப் போனப்பெறகு அவ மூஞ்சி அவுகளுக்கு எதுக்கு டீச்சர்?”

முன்வரிசை நாற்காலியில் இருந்த தாளாளர் கூரையைப் பார்த்தார். நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். கேட்டுவிட்டுப் போட்டார்கள், அது அவர்கள் இஷ்டம். மற்ற படிவங்கள் எல்லாம் வெறுமையாகவே திரும்பி வந்தன. அவற்றை அடுக்கி என் பையில் வைத்திருக்கிறேன், நம் புத்தகத்தோடு.

நாளைக் காலை தாளாளர் அறைக்கு வரச்சொல்லியிருக்கிறார். மன்னிப்புக் கடிதத்தை அவரே அடித்து வைத்திருக்கிறாராம். நான் கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

போக மாட்டேன் என்று சொல்லவில்லை டீச்சர். போவேன். அவர் எதிரில் நின்று, அந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படிப்பேன். அப்புறம், சம்மதமில்லை என்று சொல்வேன்.

கிராம்பு எடுத்து வைத்துவிட்டேன்.