பிள்ளையைக் கூட்டி வந்தது யார்?

மார்ச் 4, செவ்வாய்

குடும்ப நீதிமன்றத்திலிருந்து புதுக் கோப்பு வந்தது. ஏழு வயதுப் பெண் பிள்ளை. அம்மா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், அப்பா ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துபவர். பிரிந்து பதினொரு மாதம். பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று நான் சொல்ல வேண்டுமாம், ஆறு வாரத்துக்குள். ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கே பிடிபடாததை நான் ஆறு வாரத்தில் பிடித்து, பன்னிரண்டு பக்கத்துக்கு மிகாமல் கொடுக்க வேண்டும். இதற்குத் தடயவியல் உளவியல் என்று பெயர். வருகிறவர்கள் தடயத்தையெல்லாம் வீட்டிலேயே துடைத்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

அக்கா போனில் சிரித்தாள். "உனக்கென்னடி, அடுத்த வீட்டுச் சண்டையை வேடிக்கை பாக்கறதுக்குன்னே பட்டம் வாங்கினவ."



மார்ச் 6, வியாழன்

பிள்ளையின் அப்பா வந்தார். இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். நூற்றிருபது கேள்வி உள்ள தாளைக் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திருப்பித் தந்தபோது அங்கங்கே பென்சில் வட்டம்.

"என்ன இது?"

"ஒற்று விட்டுப்போயிருக்கு மேடம். 'குழந்தையைக் கண்டிக்கும்போது'ன்னு வரணும்."

பிள்ளையே கையைவிட்டுப் போகப் போகிறது, மனுஷனுக்கு ஒரு 'க்' போன கவலை! பிள்ளைக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டேன். "போன வாரம் வரைக்கும் பச்சை. இந்த வாரம் இன்னும் பாக்கல."

"தெளிவாகப் பதிலளிக்கத் தயக்கம். கட்டுப்படுத்தும் போக்கு" என்று குறித்துக்கொண்டேன். அந்தக் கேள்வித்தாளைத் தயாரித்தவள் நான். இந்தக் குறிப்பை எழுதும்போது கொஞ்சம் சுகமாகத்தான் இருந்தது. என் டைரியில் நானே பொய் சொல்வானேன்?

மார்ச் 11, செவ்வாய்

அம்மா வந்தாள். அழ வேண்டிய இடத்தில் அழுதாள், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். "அவ மனசுல என்ன இருக்குன்னு பேர் வச்சுச் சொல்லக் கத்துக் குடுக்கறேன் மேடம்" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இப்படி நூறு அம்மாக்கள் இருந்தால் நான் கடையைச் சாத்திவிட்டுப் போகலாம்.

மார்ச் 13, வியாழன்

பிள்ளையை அம்மா கூட்டி வந்தாள். முன்பல் இரண்டும் இல்லை. வாய் மட்டும் ஊரளவு. வாயாடி என்றே பெயர் வைத்துவிட்டேன்.

உள்ளே வந்து உட்கார்ந்து, முழங்காலில் இரண்டு கையையும் வைத்து, நான் பேரைக் கேட்பதற்கு முன்பே சொன்னாள்: "அப்பா வீட்டில் எனக்குப் பாதுகாப்பு உணர்வு இல்லை."

வயதை மீறிய மொழித்திறன் என்று குறித்தேன்.

பிறகு மேசைமேல் இருந்த பிஸ்கட்டைப் பார்த்தாள். "ரெண்டு எடுத்துக்கலாமா? அதான் சொல்லிட்டேனே?"

சிரித்துவிட்டு டப்பாவை நகர்த்தி வைத்தேன்.

மார்ச் 20, வியாழன்

செவ்வாயும் இன்றும் வாயாடி வந்தாள். அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறவில்லை. இந்தச் சீரான வாக்குமூலம் பெரியவர்களிடம்கூடக் கிடைப்பதில்லை.

ஏப்ரல் 2, புதன்

அப்பா நான்கு தடவை போன் செய்தாராம். பிள்ளையைத் தான் எப்போது கூட்டி வர வேண்டும் என்று கேட்கிறாராம். முறைப்படி இரண்டு பேரும் தனித்தனியாகக் கூட்டி வர வேண்டும், யாரோடு பிள்ளை எப்படி இருக்கிறது என்று நான் கண்ணால் பார்க்க வேண்டும். பயிற்சி வகுப்பில் மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். இந்த வாரமும் வகுப்பு இருக்கிறது, வெளியூரில். சொல்லிக் கொடுக்கப் போவதால் செய்ய நேரமில்லை.

உதவியாளரிடம், "தேவையான தகவல் கிடைச்சாச்சுன்னு சொல்லிடும்மா" என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

அறிக்கை போய்விட்டது. பிள்ளை அம்மாவிடம். அப்பாவுக்கு ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம், இன்னொருவர் முன்னிலையில். சரியாகப் பன்னிரண்டு பக்கம். திரும்பப் படித்துப் பார்த்தேன். அழகான அறிக்கை.

ஏப்ரல் 24, வியாழன்

நீதிபதி என் அறிக்கையை வைத்து இடைக்கால உத்தரவு போட்டுவிட்டார். வராந்தாவில் அப்பா எதிரே வந்தார். ஒதுங்கி வழிவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"ரெண்டு மணி நேரத்துல அவ ஷூவைக் கழட்டி முடிக்கவே அரை மணி ஆகும் மேடம். முடிச்சு முடிச்சாப் போட்டு வச்சிருப்பா."

எல்லோருக்கும் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்துவிட்டு வந்தேன்.

மே 14, புதன்

இன்று குறுக்கு விசாரணை. அப்பா தரப்பு வக்கீல் ஒரு சின்ன உருவம், பயங்கர மூக்கடைப்பு. நொடிக்கொருதரம் கைக்குட்டை. இந்தம்மாவா என்னைக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும்.

"பிள்ளையை எத்தனை தடவை பாத்தீங்க?"

"மூன்று முறை."

"யாரு கூட்டி வந்தது?"

"அம்மா."

"மூணு தடவையுமா?"

"ஆமாம்."

"அப்பாவையும் பிள்ளையையும் ஒண்ணா வச்சு எத்தனை நிமிஷம் பாத்தீங்க?"

தண்ணீர் குடித்தேன். "பார்க்கவில்லை."

"பாக்காத ஒண்ணைப் பத்தி ஏழாம் பக்கத்துல முழுப் பக்கம் எழுதியிருக்கீங்க. நல்ல கற்பனை."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நானும் விடவில்லை. மூன்று முறையும் பிள்ளை ஒரே வாக்கியத்தை மாறாமல் சொன்னது அதன் நம்பகத்தன்மையைக் காட்டுகிறது என்றேன். எனக்கே கம்பீரமாகக் கேட்டது.

வக்கீல் மூக்கைச் சிந்தினாள். "நேத்து என்ன சாப்பிட்டேன்னு கேட்டா ஏழு வயசுப் பிள்ளை ரெண்டு தடவைக்கு ரெண்டு விதமாச் சொல்லும் மேடம். மூணு தடவை ஒரே மாதிரி சொன்னா நமக்கு வேற சந்தேகம் வரணும்."

பிறகு ஒரு தாளை நீட்டினாள். இரண்டு வருஷத்துக்கு முன் பெற்றோர் கூட்டம் ஒன்றில் யாரோ பேசியதன் எழுத்துப் பிரதி, பேச்சு இணையத்தில் இருக்கிறதாம். நான்காவது நிமிஷத்தைப் படிக்கச் சொன்னாள். படித்தேன்: 'ஒரு வீட்டைப் பற்றிப் பிள்ளை, "எனக்கு அங்கே பாதுகாப்பு உணர்வு இல்லை" என்ற பொருளில் பேசினால், அதை ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள்.'

"இதைப் பேசினது யாரு?"

யார்? நான்தான்.

நேரமாகிவிட்டது என்று நீதிபதி நாளைக்குத் தள்ளிவைத்தார்.

சாயங்காலம் அம்மா தரப்பு வக்கீல் போன் செய்தார். "தற்செயலா ஒத்துப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அதுக்கு மேல அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. உங்க பேரும் கெடாது."

அந்தப் பேச்சைப் போட்டு முழுவதும் பார்த்தேன். அடேயப்பா, என்ன தன்னம்பிக்கை, என்ன கையசைப்பு! இந்தப் பெண்மணி எதைச் சொன்னாலும் நம்பலாம் போல இருந்தது. நம்பினேன்தானே? ஒரு பிள்ளை என் வாக்கியத்தை என்னிடமே திருப்பிச் சொன்னது, நான் மொழித்திறனுக்கு மார்க் போட்டேன். எந்தப் பொய்யாவது எனக்கு இவ்வளவு இனித்திருக்கிறதா? சீ.

மே 15, வியாழன்

சொல்லிவிட்டேன். கூண்டில் நின்று: "என் அறிக்கையின் முடிவை நான் இன்று ஆதரிக்க முடியாது. தந்தையோடு சேர்த்துப் பிள்ளையைப் பார்க்காமல் எழுதினேன். தவறு. மறுபடி பார்க்க அனுமதி வேண்டும்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க பட்ட கஷ்டம் ஒரு நாள்தான். அந்த ஆள் மூணு வாரமா யாரோ பக்கத்துல நின்னு காவல் காக்க, மகளோட விளையாடிட்டு இருக்கார்."

இரண்டு வாரம் கொடுத்தார். அம்மா தரப்பு வக்கீல் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. என் மீது விசாரணை வரும் என்று வராந்தாவில் பேச்சு.

அக்கா: "வேலைக்கே உலை வச்சுக்கிட்டியேடி."

"ஆமா."

"சரி விடு. நாளைக்குச் சாப்பிட வா."

மே 20, செவ்வாய்

அப்பா கூட்டி வந்தார். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்.

கதவு சாத்தியதும் வாயாடி பையைச் சுழற்றி அவர் வயிற்றில் ஒரு போடு போட்டாள். "பள்ளிக்கூடத்துக்கு வர்றேன்னு சொன்னே, வரவே இல்ல! பொய்! பொய்க்காரா!"

"வரக்கூடாதுன்னுட்டாங்கடா."

"யாரு?"

அவர் தடுப்புப் பக்கம் பார்க்கவே இல்லை. "யாரோ."

"உன்கூட டூ. பேச மாட்டேன்."

"சரி, பேசாதே. காலை நீட்டு."

தரையில் உட்கார்ந்து ஷூ முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். பேச மாட்டேன் என்றவள் அந்த நேரம் முழுக்கப் பேசினாள். அப்படி இல்லை, இந்தப் பக்கம் இழு, உனக்குத் தெரியவே தெரியாது, தள்ளு. கடைசியில் அவர் மடியிலேயே சரிந்து உட்கார்ந்துகொண்டு மறுபடி திட்டினாள்.

பயந்த பிள்ளையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது அடிக்காது. நல்ல பிள்ளையாக, சத்தமே இல்லாமல் இருக்கும். எத்தனை அடித்தாலும் இந்த ஆள் எழுந்து போகமாட்டான் என்று தெரிந்த பிள்ளைதான் இப்படி அடிக்கும். இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் இதைத் தெரிந்துகொள்ள எனக்குத் தேவைப்பட்டது ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷம்தான் அன்றைக்கு இல்லை.

பிறகு தனியாகக் கேட்டேன். "பாதுகாப்பு உணர்வுன்னா என்னம்மா?"

"தெரியாது. அம்மாவுக்குத்தான் தெரியும்."

"அப்புறம் ஏன் சொன்னே?"

என்னை ஒரு மக்கைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "சொல்லலேன்னா நீங்க என்னை அப்பாகிட்டயே விட்டுடுவீங்க. அம்மா தனியா இருப்பா. அப்பாவுக்காவது புஸ்தகம் இருக்கு."

மே 22, வியாழன்

அம்மாவை வரச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். இன்றைக்கு அழக்கூட இல்லை.

"ஆமா, நான்தான் சொல்லிக் குடுத்தேன். மூணு நாள். குளிப்பாட்டும்போது, தலை வாரும்போது."

"ஏம்மா?"

"அவ இல்லாத வீட்டுல என்னால இருக்க முடியாது மேடம். அதைச் சொன்னா நீங்க எந்தக் கட்டத்துல டிக் போடுவீங்க? உங்க தாள்ல அதுக்கு இடம் இருக்கா? அதான் உங்களுக்குப் புரியற பாஷையில சொன்னேன்."

அவள் போன பிறகு தாளை எடுத்துப் பார்த்தேன். தூக்கம் பற்றி ஆறு கேள்வி, கோபம் பற்றிப் பதினான்கு. அவள் சொன்னதற்கு இடம் இல்லை.

இரண்டு பேரும் அந்தப் பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். இவ்வளவுதான் வழக்கு. இதைக் கண்டுபிடிக்க அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது.

மே 29, வியாழன்

இரண்டாவது அறிக்கை, நான்கே பக்கம். பள்ளி நாட்களில் அம்மா வீடு, அதுதான் பள்ளிக்குப் பக்கம். வெள்ளி சாயங்காலம் முதல் ஞாயிறு சாயங்காலம் வரை அப்பா வீடு, விடுமுறையில் பாதிப்பாதி. காவல் ஆள் வேண்டாம். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த தவறு தாயுடையது, அதை அப்படியே விழுங்கிய தவறு என்னுடையது, இரண்டாவதே பெரிது என்றும் எழுதினேன். அந்த வரியை மூன்று தடவை அடித்து நான்கு தடவை எழுதினேன்.

ஜூன் 24, செவ்வாய்

தீர்ப்பு. கிட்டத்தட்ட அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். மூக்கடைப்பு வக்கீல் தேறிவிட்டாள், குரல் கணீரென்று இருக்கிறது. அன்றைக்கு இந்தக் குரலில் கேட்டிருந்தால் செத்திருப்பேன்.

என் பேச்சை இணையத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார்கள். அதுவரை பார்த்தவர்கள் முப்பத்தெட்டாயிரம் பேர். எத்தனை பிள்ளைகளுக்குத் தலை வாரும்போது மனப்பாடம் ஆனதோ.

ஜூலை 18, வெள்ளி

விசாரணைக் குழுவின் கடிதம். ஒரு வருஷத்துக்கு இந்த மாதிரி வழக்குகளை எனக்கு அனுப்ப மாட்டார்கள். பயிற்சி வகுப்பு மட்டும் தொடரலாமாம்! இனி வரும் தலைமுறைக்கு ஆபத்து.

செப்டம்பர் 7, ஞாயிறு

மத்தியானம் தலைவலி மண்டையைப் பிளந்தது. திறந்திருந்த மருந்துக்கடைக்குள் நுழைந்த பிறகுதான் கவனித்தேன், மேசைக்கு அந்தப் பக்கம் வாயாடியின் அம்மா.

திரும்பிப் போக நினைத்தேன், அதற்குள் பார்த்துவிட்டாள். அவள் முகம் மாறவில்லை. மாத்திரையை எடுத்து வைத்தாள். "வெறும் வயித்துல போடாதீங்க."

"பிள்ளை நல்லா இருக்காளா?"

"அவங்க அப்பாகிட்ட இருக்கா. ஆறு மணிக்குத்தான் வருவா." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை லீவு எடுக்கறதில்ல இப்பல்லாம். வீட்டுல ஒரு சத்தமும் இருக்காது."

பிரிவைப் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள் பழகிக்கொள்வதுதான் கடினம் என்பது பற்றி எனக்கு ஒரு வாக்கியம் வந்தது. நல்ல வாக்கியம், நுனிநாக்குவரை வந்துவிட்டது. அவ்வளவு நன்றாக இருந்ததாலேயே சொல்லவில்லை.

அவள் ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள். "கூட்டமில்ல. உக்காருங்க."

உட்கார்ந்தேன்.