பெண் வாத்தின் ஏரி

பே-கோமோ
2 மார்ச் 2025

அன்பின் சுபாஸ்,

தொலைபேசியில் கதைத்தால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். ஒழுங்காய்ச் சாப்பிடுகிறீர்களா? மாமாவின் கால் எப்படி?

ஆறு மாதத்துக்கென்று வந்த வாத்துக் கணக்கெடுப்பு வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். இம்மாதம் 31ஆம் திகதிக்குள் வீட்டை விடுகிறோமென்று வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவித்தால்தான் வாடகை லீஸ் ஜூனோடு முடியும். இல்லாவிட்டால் அது தானாய் நீளும்; இன்னும் ஒரு வருடம் நீங்கள் அங்கே, நான் இங்கே. அறிவித்துவிடுங்கள்.

உங்கள்
நிலக்ஷி

பார்க் எக்ஸ்டென்ஷன்
9 மார்ச்

நிலக்ஷிக்கு,

அப்பாவின் கால் சுகம். எனக்குத்தான் சுகமில்லை. என்னை ஒரு சொல் கேட்காமல் கையெழுத்துப் போட்டீரே! புவாண்ட்-கிளேர் கிடங்கில் பன்னிரண்டு வருடம் மாடாய் உழைத்து இப்போதுதான் சுப்பர்வைசர் ஆனேன். அங்கே வந்து என்ன செய்ய, வாத்துக்குச் சோறு போடவா? பெண்சாதிக்குப் பின்னால் பெட்டி தூக்கிக்கொண்டு வர என்னால் ஏலாது. நான் அறிவிக்கப் போவதில்லை.

சுபாஸ்கரன்

பே-கோமோ
16 மார்ச்

அன்பின் சுபாஸ்,

கேட்காதது என் பிழைதான். வருவீர்கள் என்றே நினைத்துவிட்டேன். எங்கள் மட்டக்களப்பில் கலியாணம் முடித்தவர் பெண் வீட்டுக்குத்தானே போவார்? அதை யார் வெட்கமென்று சொன்னார்கள்?

நான் எண்ணும் பொற்கண் வாத்துகளும் அப்படித்தான். ஆறு கடலோடு சேரும் இந்த இடத்தில், உறையாத உப்புத் தண்ணீரில், குளிர்காலம் முழுக்கச் சோடியாய் இருக்கும். வசந்தத்தில் பெண் தான் பிறந்த காட்டு ஏரிப் பக்கம் பறக்கும், ஆண் அதன் பின்னால் போகும். பெண் அடைகாக்கத் தொடங்கியதும் அவர் இறகு உதிர்க்க இன்னும் வடக்கே போய்விடுவார். அதையும் மறைக்கவில்லை.

இந்த வேலையை நான் விடமாட்டேன். நீங்கள் இல்லாமல் இருக்கவும் முடியவில்லை. இனி உங்கள் விருப்பம்.

நிலக்ஷி

பார்க் எக்ஸ்டென்ஷன்
27 மார்ச்

அன்பின் நிலக்ஷிக்கு,

உம்முடைய கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உம்மை ஏசுவார் என்று பார்த்திருந்தேன். "என்ன மகன், நானும் உன்ட அம்மாட வீட்டுக்குத்தானே போனனான்? எனக்கென்ன குறைஞ்சு போச்சு?" என்றார். தான் என் தங்கச்சியோடு இருப்பாராம்.

என் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் இன்று காலை வீட்டுக்காரரின் கையில் அறிவித்தலைக் கொடுத்தேன். வேலையிலும் சொல்லிவிட்டேன்.

ஜூலை முதலாம் திகதி வருகிறேன். அந்த ஊரில் எனக்கு உம்மைத் தவிர ஒருவரையும் தெரியாது. சண்டை பிடித்தால் போய் இருக்க வேறொரு வீடும் இல்லை. என்னைப் பார்த்துக்கொள்ளும்.

உம்முடைய
சுபாஸ்