கசகசாவுக்கு அங்கே வேறு பெயர்

ஏப்ரல் 7, திங்கள்

சரியான வெயில். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு இடி மட்டும், மழை இல்லை.

கசகசா 24 பக்கட் கட்டி முடிந்தது. நோன்பு மாதம் முழுக்க சர்பத்தில் ஊறப்போட்டுக் குடித்தோமே, அதே கறுப்பு விதை. தம்பி நஸீர் நாளை துபாய்க்குத் திரும்புகிறான். அங்கே ஒரு கடையில் மாதிரி காட்டக் கொண்டு போகிறான். கடைக்காரர் சொல்லி அனுப்பியது: சிங்கள லேபல் உதவாது, இங்கிலீஷ், அரபு, தமிழ் மூன்றும் வேண்டும்.

கசகசாவுக்கு இங்கிலீஷில் என்ன என்று போனில் தேடினேன். பொப்பி சீட்ஸ். அரபில் கஷ்காஷ். குர்ஆன் ஓதுகிற எழுத்துத்தானே, பார்த்துப் பார்த்து நானே எழுதினேன். அலிஃப் எழுத்து நன்றாக நிமிர்ந்து நின்றது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கலியாணக் காட் மாதிரி ஈக்கி" என்றார். பெருமையாக இருந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

சுபஹ் தொழுத கையோடு நஸீர் புறப்பட்டான். "ராத்தா, கடை புடிச்சா நீங்கதான் முதலாளி. என்னைய டிரைவரா வெச்சிக்கோங்க." துஆ ஓதி ஊதி அனுப்பினேன்.

பகல் ளுஹருக்குப் பிறகு பக்கத்து வீட்டுச் செல்வி, கறிவேப்பிலை கேட்டு. துபாயில் ஏழு வருஷம் வீட்டுவேலை செய்தவள். அரபு பேச வரும், எழுத்துத் தெரியாது. எனக்கு எழுத்துத் தெரியும், பேச்சு விளங்காது. மிஞ்சிய லேபலைக் காட்டி வாசித்தேன், பெருமைக்குத்தான்.

"என்னாக்கா சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க."

"கஷ்காஷ்."

"ஐயோ, அது அபின் செடி வெதக்கா! இந்தியாக்காரங்க குருமாவுக்கு அரைப்பாங்களே, வெள்ளையா, அவங்க அதைத்தான் கசகசாங்கிறாங்க. அங்க தடை. எங்க மேடம் வீட்டு டிரைவரு ஒரு சின்னப் பொட்டலம் கொண்டாந்து உள்ள போனாரு."

"நம்மட கசகசா வேறயே?"

"நமக்குத் தெரியும். நீங்க எழுதினதத்தானே அவன் வாசிப்பான்?"

நஸீருக்கு எடுத்தேன். போன் ஓஃப். பிளேன் ஏறிவிட்டான். பக்கட் எல்லாவற்றையும் வீசு என்று மெசேஜ். ஒற்றை டிக்.

அஸர். ஒற்றை டிக். கறிக்கு இரண்டு தரம் உப்பு.

பொழுது பட்டு மஃரிப். இறங்கியிருக்க வேண்டும். இரட்டை டிக். பதில் இல்லை.

இவரிடம் சொன்னேன். ஏசவில்லை. அது இன்னும் பயம். "தண்ணில போட்டா தெரியும்தானே" என்றார். கிளாஸில் ஒரு கரண்டி போட்டேன். சவ்வு கட்டி ஊதியது. அபின் விதை இப்படி ஊதாதாம், செல்வி சொல்கிறாள். வீடியோ எடுத்து அனுப்பினேன். பார்த்தானோ என்னவோ.

யா அல்லாஹ், எழுதியது என் கை. அகப்படுவது அவன்.

ஏப்ரல் 9, புதன்

வானம் மப்பு. செய்தி இல்லை.

உம்மா கேட்டார், "நஸீர் சேந்திட்டானா?" சேர்ந்துவிட்டான் என்றேன். பொய். தவ்பா, மன்னித்துவிடு யா அல்லாஹ்.

மிச்ச லேபல் 6. அடுப்பில் போட எடுத்தேன். அரபு எழுத்து, போட மனம் வரவில்லை. அலுமாரியில் திருப்பி வைத்தேன்.

அஸருக்குக் கொஞ்சம் முன்னால் நஸீர். அவனே போன் எடுத்தான்.

"வெளிய வந்திட்டேன் ராத்தா. ராவு முழுக்க பொலிஸ்லதான் ஈந்த. தண்ணி கேட்டு விதையப் போட்டுக் காட்டினேன், ஊதிச்சு. அப்பிடியும் டெஸ்டுக்கு அனுப்பினாங்க. இப்ப ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க. பாஸ்போர்ட் அவங்கக்கிட்ட."

"லேபல் ஆரு எழுதினன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சென்ன?"

"நான்தான்னு சென்னேன். அத வுடுங்க. பேப்பர் முழுக்க அரபு, ஒண்ணும் வெளங்கல்ல. அனுப்புறேன், வாசிங்க."

படம் வந்தது. ஸபர், ஸேர் என்ற உயிர்க்குறி ஒன்றும் இல்லாத மொட்டை எழுத்து. வேலிக்கு மேலால் செல்வியைக் கூப்பிட்டேன். நான் எழுத்துக் கூட்ட, அவள் கண்ணை மூடிக் கேட்டாள். முதல் வரி இருவருக்கும் விளங்கவில்லை. இரண்டாம் வரியில் கஷ்காஷ். அங்கேயே நிறுத்தினேன்.

"நிப்பாட்டாதீங்கக்கா. அதுக்கு முன்னால என்னா?"

"லைஸ."

"இல்லைன்னு அர்த்தம். இல்லைக்கா! மேல வாசிங்க."

"பா, தால், வாவ்... புதூர். ரா, யா... ரைஹான்."

"புதூர்னா வெதை. ரீஹான்! எங்க மேடம் பல்கனில தொட்டியில வச்சிருந்த வாசனைச் செடி. நம்ம கசகசாச் செடிதாங்கக்கா அது!"

ரைஹான். இத்தனை வருஷமாக ஓதும்போது வாயில் வந்த சொல். அதை விட்டுப் போனில் போய்த் தேடினேனே.

கடைசி வரியில் ஜவாஸ். பாஸ்போர்ட்டாம். அதற்கு அடுத்த சொல் படத்தில் மங்கல். தருவார்களா, மாட்டார்களா, அதில்தான் இருக்கிறது. தெளிவாக இன்னொன்று எடுத்து அனுப்பு என்று நஸீருக்குப் போட்டேன்.

ஒற்றை டிக்.